சைக்கிள் சில்லில் ஓடிய வானொலி

ஆறு வோல்ற், மூன்று வாற். சைக்கிள் ரயரில் உரசிச் சுழலும் டைனமோ ஒன்றின் முழுப் பலமும் இவ்வளவுதான். முன்விளக்குக்கும் பின்னால் எரியும் சிவப்பு விளக்குக்கும் போதுமானது என்று கணக்குப் போட்டுச் செய்யப்பட்ட பொருள் அது. தொண்ணூறுகளின் முதற்பாதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த மூன்று வாற்றில் செய்தி கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள். தண்ணீர் இறைக்கும் மெசினின் எண்ணெயில் கார் ஓடியது. காரின் பற்றரியில் தொலைக்காட்சி பார்த்தார்கள். ஒன்றுக்கென்று செய்த பொருளை இன்னொன்றுக்கு மாற்றி எடுக்கும் வேலை ஒரு தொழிலாகவே நடந்த காலம் அது.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியதும் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. யாழ்தேவி ரயிலும் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. குடாநாட்டுக்குள் கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலை அரசு அறிவித்தது. பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, யூரியா என்பவற்றோடு ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரி, மெழுகுதிரி போன்ற சாதாரண வீட்டுப் பொருட்களும் அதில் இருந்தன. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது. வெளிச்சந்தையில் கொழும்பு விலையைப் போலப் பல மடங்குக்கு விற்றது. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனங்களியில் உடுப்புத் தோய்த்த நாட்கள் அவை.

தடைப்பட்டியலில் பற்றரி இருந்ததுதான் இந்தக் கதையின் மையம். மின்சாரம் இல்லாத வீட்டில் வானொலி பற்றரியில் ஓடும். பற்றரியும் இல்லாவிட்டால் செய்தி இல்லை. குண்டு எங்கே விழுந்தது, எந்தப் பாதை திறந்தது, பேச்சுவார்த்தை என்ன ஆயிற்று என்பதெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட செய்திகளாக இருந்த ஊரில் வானொலி வாயடைத்துப் போவதை யாரும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இல்லை.

முதலில் இருக்கிற பற்றரியையே இழுத்துப் பிடித்தார்கள். ஓய்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்தால் உள்ளே இரசாயன வேலை கொஞ்சம் சுறுசுறுப்பாகி, சற்று நேரத்துக்கு உயிர் வரும். ஓட்டை போட்டு உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தவர்களும் உண்டு. நாலைந்து முறை காய்ந்த பிறகு துத்தநாகக் கூடே அரிபட்டுப் பிசுபிசுவென்று ஒழுகத் தொடங்கும். அதோடு அந்த வழி அடைபட்டது. அடுத்ததாகக் கண்ணில் பட்டது சுவரில் சாத்திவைத்த சைக்கிள்.

குடாநாடு சைக்கிள் ஓடுகிற ஊர். நிலம் தட்டை, ஊருக்கு ஊர் கிட்ட. றலியும் ஹம்பரும் தகப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறும் சொத்து. இரவில் விளக்கில்லாமல் ஓடினால் பொலிஸ் பிடிக்கும் என்பதால் டைனமோ பூட்டிய சைக்கிள் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் இருந்தது. ஒரு மின்பிறப்பாக்கி ஒவ்வொரு விறாந்தையிலும் ஏற்கெனவே நின்றது. அதை வானொலியோடு எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு பொருத்தம் அமைந்திருந்தது. நாலு பெரிய பற்றரி போடுகிற வானொலிக்கு வேண்டியது ஆறு வோல்ற். டைனமோவில் எழுதியிருப்பதும் ஆறு வோல்ற். ஆனால் இரண்டையும் நேரே கம்பியால் முடிந்தால் வானொலி பாடாது. பற்றரி தருவது நேரோட்ட மின்சாரம். டைனமோவுக்குள் காந்தம் சுழல்வதால் வருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். அதை ஒரு திசைக்குத் திருப்ப டயோட் வேண்டும். ஒற்றை டயோட் போட்டால் பாதி மின்சாரம் வீணாகும். நாலு டயோட்டைச் சதுரமாகப் பூட்டினால் இரண்டு பாதியும் பயன்படும். ஆனாலும் மின்சாரம் கடந்து போகிற வழியில் இரண்டு டயோட் நிற்பதால் ஏறத்தாழ 1.4 வோல்ற் அவற்றிலேயே தேய்ந்துபோகும். அதற்குப் பிறகு ஒரு மின்தேக்கி. ஆயிரம் மைக்ரோபாரட் அளவில் ஒன்று கிடைத்தால், டைனமோவின் துடிப்புகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை அது நிரப்பும். அது இல்லாவிட்டால் செய்தி வாசிப்பவரின் குரலுக்குப் பின்னால் உர்ரென்று ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

டயோட்டுக்கும் மின்தேக்கிக்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை. மின்சாரம் நின்றதும் வீட்டிலிருந்த எத்தனையோ பொருட்கள் சும்மா கிடந்தன. பழுதான தொலைக்காட்சி, எரிந்துபோன அடப்ரர், உடைந்த ரேப் ரெக்கோடர் ஒவ்வொன்றின் பலகையிலும் இந்த இரண்டும் உண்டு. அவற்றைச் சூட்டுக்கோலால் இளக்கி எடுக்க வேண்டும். சூட்டுக்கோலுக்கும் மின்சாரம் இல்லை. அடுப்புக் கரியில் காய்ச்சித்தான் ஈயம் உருக்க வேண்டும். கையளவு பலகைத் துண்டில் நாலு டயோட்டும் ஒரு மின்தேக்கியும் பூட்டி, சைக்கிளின் உடம்பில் ஒரு கம்பியும் டைனமோவின் முனையில் மற்றக் கம்பியும் கொடுத்தால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று சொன்னாலும் அதில் ஒரு கண்டம் இருந்தது. டைனமோ ஒரு விசித்திரமான பொருள். விளக்கு எரிகிறபோது ஆறு வோல்ற்றில் அடங்கி நிற்கும். விளக்கைக் கழற்றிவிட்டு, கொஞ்சமாக மின்சாரம் குடிக்கிற வானொலியை மட்டும் மாட்டி வேகமாக மிதித்தால் வோல்ற் எங்கேயோ ஏறிவிடும். வானொலிக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பாகங்கள் அதில் கருகும். விளக்கையும் கூடவே எரியவிட்டால் மிஞ்சுகிற மின்சாரத்தை அது குடித்து வோல்ற்றை இறக்கிப் பிடிக்கும். விசயம் தெரிந்தவருடைய வானொலி வருடக்கணக்காக ஓடியதற்கும் தெரியாதவருடையது ஒரே இரவில் புகைந்ததற்கும் இந்த ஒரு பல்ப் காரணமாக இருக்கலாம்.

பிறகு ஆள் வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக, சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில் படும்படி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றுவார்கள். ஸ்ராண்டில் நிறுத்தி ஏறியிருந்து மிதிப்பதும் உண்டு. இது பெரும்பாலும் வீட்டிலுள்ள பெடியன்களுக்கு விழும் வேலை. பிபிசி தமிழோசை வருகிற நேரத்துக்கு அயலட்டையே கூடிவிடும். 1941 இல் தொடங்கிய அந்த ஒலிபரப்புக்கு இவ்வளவு உடலுழைப்போடு காத்திருந்த நேயர்கள் வேறெங்கும் இருந்திருப்பார்களா என்பது சந்தேகமே. மணிலாவிலிருந்து வெரித்தாஸ் தமிழ்ப்பணி, திருச்சி வானொலி, 1990 நவம்பரில் தொடங்கிய புலிகளின் குரல், கொழும்பு வானொலி என்று ஒரே நிகழ்வை நாலு பக்கமும் கேட்டு, எதில் எவ்வளவு உண்மை என்று ஆளுக்காள் தீர்ப்புச் சொல்வார்கள். சுற்றுகிறவன் களைத்தால் குரல் தேயும். ரேப் ரெக்கோடராக இருந்தால் பாட்டே இழுபட்டு, பெண் குரல் ஆண் குரலாகிவிடும். உடனே கை மாறும்.

இதையெல்லாம் கஷ்டம் கற்றுத் தந்தது என்று சொல்வது வழக்கம். அது அரைவாசி உண்மைதான். தடை வந்த அன்றைக்கே நாலு டயோட்டை எந்தத் திசையில் பூட்டுவது என்று ஒருவருக்குத் தெரிந்திருந்தால், அந்த அறிவு தடைக்கு முன்னமே ஊரில் இருந்திருக்கிறது என்றுதான் பொருள். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் விட்டால் பல ஆயிரம் மெக்கானிக்குகளுக்கும் வானொலி திருத்துகிறவர்களுக்கும் செய்கிற அநியாயமாகும்.

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் கிணற்றுத் தண்ணீர்தான் தோட்டத்துக்கு. துலா மிதித்து இறைத்த இடத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திரப் பம்புகள் வந்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தபோது வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவது நின்று, யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. கையில் காசு புழங்கியது, பம்பும் உழவு இயந்திரமும் பெருகின. ஆனால் அதே கட்டுப்பாட்டால் உதிரிப்பாகம் கிடைக்கவில்லை. பழையதைக் கடைந்து, உருக்கி, ஒட்டி ஓட்டப் பழகிய கராஜ்களும் லேத் பட்டறைகளும் அந்த ஏழு வருடத்தில் வேரூன்றின. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பான் ரேடியோ கசற்றுகளும் மோட்டார் சைக்கிள்களும் வந்து குவிந்தன. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். அவற்றைத் திருத்தச் சந்திக்குச் சந்தி கடை முளைத்தது. 1990 இல் கதவு மூடியபோது உள்ளே அகப்பட்டது இரண்டு: திருத்தத் தெரிந்த ஒரு தலைமுறை; அது திருத்துவதற்கு ஒரு தீவுக்குப் போதுமான பழைய இயந்திரங்கள்.

மண்ணெண்ணெய்க் கார் இதற்கு நல்ல சாட்சி. தோட்டத்துப் பம்புகளில் பல, பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை. அதற்கென்றே ஒரு சின்னப் பெற்றோல் தாங்கியும் ஒரு பெரிய மண்ணெண்ணெய்த் தாங்கியும் இருக்கும். பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். விடிய நாலு மணிக்குப் பம்ப் இழுத்த எந்தத் தோட்டக்காரருக்கும் இது கைப்பாடம். உலகத்துக்கும் இது புதிதல்ல. இரண்டாம் உலகப்போரை அடுத்து பிரித்தானியாவில் வந்த ஃபெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை இப்படியே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் உழுதது.

இந்தத் தோட்டத்து அறிவைத்தான் கராஜ்காரர்கள் வீதிக்குக் கொண்டுவந்தார்கள். மோட்டார் சைக்கிளின் தாங்கியில் மண்ணெண்ணெய். சின்னப் போத்தல் ஒன்றில் மருந்துபோல வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்தால் இயந்திரம் பிடிக்கும். சூடாகும்வரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். வெள்ளைப் புகை வீதியெல்லாம் நிறையும். பாதிவழியில் நின்றுவிட்டால் திரும்பவும் போத்தலைத் தேட வேண்டும்.

கார்களில் புதியவை படுத்தன, கிழடுகள் எழும்பின. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற ஐம்பதுகளின் வண்டிகள் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தவை. அவற்றின் இயந்திரத்தில் எரிகலவையை அமுக்கும் விகிதம் குறைவு, ஏழுக்கு ஒன்று அளவில். மண்ணெண்ணெய்க்கு அந்த மென்மைதான் தோது. அமுக்கம் கூடினால் நேரகாலத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்ரனைச் சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டும். புதிய ஜப்பான் கார்களின் அமுக்கம் கூட. அவற்றை இணங்கவைப்பது பெரும்பாடு. ஓடிய வண்டிகளும் சும்மா ஓடவில்லை. எரியாமல் மிஞ்சும் மண்ணெண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி இயந்திர ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். அடிக்கடி கழற்றிச் சுரண்டிப் பூட்டியபடிதான் நோயாளரையும் மணமக்களையும் அந்த வண்டிகள் ஏற்றிப் போயின.

வீட்டு வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லிய திரியைக் கம்பியில் நிறுத்திக் கொளுத்துவார்கள். கண்ணாடி காற்றை மறைக்கும். திரி சின்னதாக இருப்பதால் எண்ணெய் மெல்ல இறங்கும். சிக்கன விளக்கு என்றே அதற்குப் பெயர். அந்த வெளிச்சத்தில் சாதாரண தரமும் உயர்தரமும் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் மருத்துவர்களாக, பொறியியலாளர்களாக இருக்கிறார்கள்.

கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் 12 வோல்ற் கார் பற்றரியைப் பிடித்தார்கள். பம்பின் இயந்திரத்தில் பெல்ற் மாட்டி, வாகனத்திலிருந்து கழற்றிய ஓல்ரனேற்றரைச் சுழற்றிப் பற்றரி சார்ஜ் செய்து கொடுக்கும் இடங்கள் இருந்தன. சைக்கிள் கரியரில் பற்றரியைக் கட்டிப் போய்க் கொடுத்துவிட்டு வந்து, பிறகு எடுத்துவர வேண்டும். கறுப்பு வெள்ளைச் சின்னத் தொலைக்காட்சிகள் பல 12 வோல்ற்றிலேயே ஓடுபவை என்பதால் இடையில் வேறொன்றும் தேவைப்படவில்லை.

அதே வருடங்களில் உலகின் வேறு மூலைகளிலும் இந்த வேலை நடந்தது. பொஸ்னியாவில் 1992 முதல் 1995 வரை முற்றுகையில் கிடந்த கொராஸ்தே நகரத்தவர், திரினா ஆற்றின் பாலத்துக்குக் கீழே மிதக்கும் சக்கரங்களைக் கட்டி, பழைய மோட்டார்களையும் ஓல்ரனேற்றர்களையும் அதில் பூட்டி மின்சாரம் எடுத்தார்கள். அவர்களுக்கு ஆறு இருந்தது. யாழ்ப்பாணத்தவருக்குக் கால் இருந்தது. பிரித்தானியாவில் ட்ரெவர் பெய்லிஸ், மின்சாரமும் பற்றரியும் இல்லாத ஆபிரிக்கக் கிராமங்களை நினைத்துக் கையால் முறுக்கி ஓட்டும் வானொலியை 1991 இல் வடிவமைத்தார். அது பெரிய தொழிற்சாலை கண்டு உலகப் புகழ் பெற்றது. கியூபா இன்னொரு படி போனது. சோவியத் உதவி நின்று நாடே தட்டுப்பாட்டில் விழுந்தபோது, மக்கள் செய்த மாற்றுச் சாதனங்களையும் வழிமுறைகளையும் திரட்டி 1992 இல் ஒரு தடித்த நூலாக அச்சிட்டார்கள். பின்னாளில் எர்னெஸ்தோ ஒரோசா என்ற வடிவமைப்பாளர் அந்தப் பொருட்களையே தேடித் தேடிச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்.

யாழ்ப்பாணத்தில் சேர்த்துவைக்க நேரம் கிடைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி, போர் நெருங்கியதால், குடாநாட்டின் வலிகாமப் பகுதியைவிட்டு இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் தென்மராட்சிப் பகுதி நோக்கி நடந்தார்கள். கொண்டுபோக முடிந்ததைச் சைக்கிளில் கட்டினார்கள். டைனமோ அதோடு போயிற்று. பலகைத் துண்டும் பழைய ரேடியோவும் வீட்டில் கிடந்தன. 1996 இல் திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீட்டுக் கூரையே இருக்கவில்லை. அதற்குப் பிறகு டீசல் இயந்திரங்களின் மின்சாரம் மெல்ல மெல்ல வந்தது. 2002 இல் ஏ9 வீதி திறந்து, 2006 இல் மூடி, போர் முடிந்தபின் மறுபடி திறந்தது. 2013 இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ற் இணைப்பு வந்து, குடாநாடு மறுபடியும் நாட்டின் பொது மின்வலையில் சேர்ந்தது.

வீதி திறந்தபின் கணினிகள் வந்தன. அவற்றில் பெரும்பகுதி இன்று பழைய இரும்போடு சேர்ந்துவிட்டது. உலகம் முழுவதும் மாதிரி ரயில், மாதிரி விமானம் செய்து விளையாடுகிறவர்கள் அந்தக் கழிவிலிருந்து ஒரு பெட்டியை மட்டும் விடாமல் எடுத்துக்கொள்கிறார்கள்: கணினியின் மின்வழங்கி. 1995 இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏரிஎக்ஸ் முறைப்படி செய்த பெட்டியில் மஞ்சள் கம்பி 12 வோல்ற், சிவப்பு 5, செம்மஞ்சள் 3.3, கறுப்பு தரை. பச்சைக் கம்பியைக் கறுப்போடு சேர்த்தால் கணினியில்லாமலே பெட்டி உயிர் பெறும். மாதிரி ரயிலுக்கும் விமானத்தின் பற்றரி சார்ஜருக்கும் அந்த 12 வோல்ற் போதும். பழைய பெட்டிகளில் ஒரு குணம் உண்டு. 5 வோல்ற் பக்கத்தில் ஒன்றும் மாட்டாவிட்டால் 12 வோல்ற் தளம்பும். அதனால் பத்து ஓம் தடை ஒன்றைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையில் பூட்டி, சும்மா கொஞ்சம் மின்சாரம் குடிக்கவிடுவார்கள். சைக்கிள் டைனமோவோடு முன்விளக்கையும் எரியவிட்ட அதே தத்துவம்.

ஒன்றில் மட்டும் இரண்டும் ஒன்றல்ல. டைனமோ யாரையும் கொல்லாது. கணினி மின்வழங்கிக்குள் 230 வோல்ற் மின்சாரம் ஏறத்தாழ 325 வோல்ற் நேரோட்டமாகி மின்தேக்கியில் நிற்கும். செருகியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். வெளியே வருகிற கம்பிகளோடு வேலை செய்யலாம். மூடியைத் திறப்பது அதை முறையாகப் படித்தவரின் வேலை.

2022 மார்ச் 31 ஆம் திகதி இலங்கை முழுவதும் 13 மணித்தியாலம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை, சைக்கிள் விலை எகிறியது. தெற்கு திகைத்துப்போனது. குடாநாட்டில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அது தெரிந்த பாதை. ஆனால் அவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நாலு டயோட்டைச் சதுரமாகப் பூட்டத் தெரியும்? கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, எழுதிவைக்கவும் இல்லை. கியூபாவுக்கு ஒரு நூல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் ஒன்று வேண்டும்: படத்தோடு, அளவோடு, எந்தச் சந்தியில் எந்தக் கராஜில் யார் முதலில் செய்தார் என்ற பெயரோடு.

அதற்கான ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தொண்ணூறில் முப்பது வயதில் பட்டறை நடத்தியவருக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. பல்கலைக்கழக வரலாற்றுத்துறை மாணவர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவருக்கு முன்னால் உட்காரலாம். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் பழைய டைனமோ ஒன்றைத் தேடியெடுத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு அந்தச் சுற்றை மறுபடி பூட்டவைக்கலாம். புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் வீட்டு வானொலி எப்படி ஓடியது என்பதை ஒரு பக்கம் எழுதி, வரைபடத்தோடு, 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம். வீட்டுப் பரணில் அந்தப் பலகைத் துண்டு இன்னும் கிடந்தால், பழைய இரும்பு எடுக்கிறவர் வருவதற்கு முன் அதை ஒரு படமாவது எடுத்துவையுங்கள்.